தாய்ப்பாலும் தமிழ்க் கவிதையும்



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்றுவதற்குப் பொருள்கள் பல உண்டு. அவற்றுள் தாய்ப்பாலைத் தேர்ந்தமைக்கு இந்த ஊர் அமைந்திருக்கும் இடமே முதற் காரணம். சாத்தாங்காட்டிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் திருவொற்றியூர். அங்கே கடலோரத்தில் பட்டினத்தடிகள் அடங்கிய இடம் என்று வழிவழியாகப் போற்றப்படும் கோயில் இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்த அவர் தம் அன்னையின் ஈமக்கடனை மட்டும் துறக்கவில்லை. அன்னையின் உடலுக்குத் தீ மூட்டுகையில் அவர் பாடியனவாக வழங்கும் பாடல்களில், சுமந்ததும் பெற்றதும் கையிலேந்தி முலை தந்ததும் நினைவுகூரப்படுகின்றன. கற்றார் கல்லார் அனைவரையும் கலங்க வைக்கும் பாடல்கள் அவை.

அதே பட்டினத்தடிகள் பிற இடங்களில் பெண்ணின் முலையைத் தசை என்றும் அழியும் பொருள் என்றும் அருவருத்துப் பாடியிருப்பதும் இவ்வவை அறிந்ததே. ஒரே உறுப்பு சுடலையில் வணங்கப்படுகிறது, தெருவில் இகழப்படுகிறது. இம்முரண்பாடு பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆனால் இரண்டு இடங்களிலும் பேசுபவர் ஒருவரே என்பதை அவர்கள் அவ்வளவாகக் கருதவில்லை. பால் குடித்தவர் பேசுகிறார், பார்த்தவர் பேசுகிறார். கொடுத்தவளுக்கு அது எவ்வாறு இருந்தது என்பது இரண்டிலும் இல்லை. தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுகளாகத் தாய்ப்பாலைப் பாடி வந்திருக்கிறது. பாலூட்டுதலைப் பாடியது மிகக் குறைவு. இவ்வுரை கூற முற்படுவது இதனையே.

சங்கப் பாடல்களிலிருந்து தொடங்கலாம். புறநானூற்றின் 278ஆம் பாடல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. போரில் மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்ட முதியவள், அது உண்மையாயின் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். மேடைதோறும் எடுத்தாளப்படும் பாடல் இது. ஔவையார் பாடிய 295ஆம் பாடல் அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. களத்தில் சிதைந்து கிடந்த மகனைக் கண்ட தாயின் வற்றிய முலை மீண்டும் சுரந்தது என்கிறது அப்பாடல். உரைகாரர்களும் மாணாக்கரும் இதனை உயர்வு நவிற்சி என்று கடந்து செல்வது வழக்கம். கடந்து செல்ல வேண்டியதில்லை. பிற குழந்தையின் அழுகுரல் கேட்டாலே மார்பு நனையும் தாயர் உண்டு. பால் நின்று நெடுநாள் ஆன பெண்ணுக்கும், பிள்ளையைத் தொடர்ந்து சப்ப விட்டால் மீண்டும் சுரத்தல் கூடும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. போர்க்களத்தில் நின்ற அம்முதியவளுக்குச் சுரந்ததா என்பது வேறு வினா. நினைவும் அன்பும் அந்த உறுப்பில் நீராகும் என்பதை அறிந்த ஒருவரே அப்பாடலைப் பாடியிருக்க இயலும். இவ்விரு பாடல்களும் பெண்பாற் புலவர்களுடையவை என்பது தற்செயல் அன்று.

வறுமையைப் பாடிய பாடல்கள் இன்னும் நுட்பமானவை. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், 160ஆம் பாடலில் தம் வீட்டுச் சிறுவனைக் காட்டுகிறார். அவன் பாலில்லாத முலையைச் சுவைத்துப் பார்க்கிறான். பிறகு ஒன்றும் இல்லாத கலங்களைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள். அதே குமணனிடம் சென்ற பெருந்தலைச் சாத்தனார் 164ஆம் பாடலில் காளான் பூத்த அடுப்பைச் சொல்லி, வற்றித் தோலாகிய முலையைச் சுவைத்துச் சுவைத்து அழும் குழந்தையைச் சொல்கிறார். குழந்தையின் முகத்தைத் தாய் நோக்குகிறாள். தாயின் துயரத்தைக் கணவன் நோக்குகிறான். கணவன் குமணனை நினைந்து காட்டுக்கு வருகிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் செல்லும் இந்தத் தொடரில் நடுவில் நிற்பவள் தாய். பேசாதவளும் அவள் ஒருத்தியே. (சாத்தன் என்னும் பெயர் இவ்வூர்ப் பெயரிலும் ஒலிக்கிறது. அதனைக் கொண்டு பெருந்தலைச் சாத்தனாரை இவ்வூர்க்காரர் ஆக்கிவிட வேண்டா. அத்தகைய ஆராய்ச்சிகள் தமிழில் போதுமான அளவு உள்ளன.)

பக்தி இலக்கியத்திற்கு வந்தால் பெரியாழ்வார் நிற்கிறார். கண்ணனை முலையுண்ண அழைப்பதற்கென்றே ஒரு பதிகம் பாடினார் அவர். குழந்தை மொழியில் முலைப்பாலைக் குறிக்கும் ‘அம்மம்’ என்னும் சொல்லை எவ்விதக் கூச்சமும் இன்றி அங்கே ஆண்டார். உறங்கும் பிள்ளையை எழுப்பிப் பாலூட்ட விழையும் தாயின் தவிப்பு அப்பதிகத்தில் உண்டு. மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும் தாய்க்குத்தான் பிள்ளை உறங்குவது தொல்லையாகத் தோன்றும். அதனை ஓர் ஆண் கவிஞர் உணர்ந்தார் என்பது பெருமைக்குரியது. ஆயினும் பின்னாளில் பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாகிக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவங்களாக நிலைத்தபோது, முலையுண்ணலுக்கு அங்கே ஒரு பருவம் கிடைக்கவில்லை. பிள்ளை கை கொட்டுவதற்குப் பருவம் உண்டு. நிலவை அழைப்பதற்கு உண்டு. தேர் உருட்டுவதற்கும் பறை கொட்டுவதற்கும் உண்டு. அவற்றுக்கெல்லாம் உடலில் வலுத் தந்த செயலுக்கு இல்லை.

புராணங்கள் வேறு வழியில் சென்றன. சீகாழியில் அழுத பிள்ளைக்கு உமையம்மை தம் பாலைப் பொன்வள்ளத்தில் கறந்து ஊட்டினார் என்கிறது பெரியபுராணம். கறந்த பாலைக் கிண்ணத்தில் கொடுப்பது புதுமை என்று எண்ணும் இக்காலத்தார் இதனை நினைவிற்கொள்ளலாம். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டபோது நடந்ததும் இதுவே. திருவிளையாடற் புராணத்திலோ, தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்காக இறைவன் தானே தாய்ப்பன்றியானான். எல்லாம் வல்லவனும் பாலூட்ட வேண்டின் பெண்ணுடல் எடுக்க வேண்டியிருந்தது. வேறு எந்தத் திருவிளையாடலுக்கும் இவ்வளவு இறங்கி வர நேர்ந்ததா என்பதைச் சைவ அறிஞர்கள் கூறுதல் வேண்டும்.

இனி ஒரு தாயை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அவளுக்குப் பெயர் வேண்டா. சாத்தாங்காட்டு இரும்பு எஃகு அங்காடியை ஒட்டிய தெரு ஒன்றில் வாழ்பவள். மூன்று பிள்ளைகள் பெற்றவள். அவள் கற்பனைப் பெண் எனினும், அவளுக்கு நேர்பவை இவ்வட்டாரத்துப் பெண்கள் வாயில் நாளும் கேட்கக் கூடியவை.

முதற்பிள்ளை பிறந்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. மஞ்சளாகக் கெட்டியாக வந்த சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிடச் சொன்னார்கள். ‘சேனை’ வைக்க ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாவில் வைத்தார். யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. நோய் எதிர்ப்பாற்றல் மிகுதியாக உள்ள சீம்பால் தரையில் போயிற்று. பிள்ளையின் முதற்சுவை சர்க்கரையாயிற்று. மூன்றாம் நாள் பால் இறங்கியது. மார்பு கல்லாய்க் கனத்தது, அக்குளில் நெறி கட்டியது, காய்ச்சல் வந்தது. பிள்ளைக்குக் காம்பைச் சரியாகப் பற்றத் தெரியவில்லை. அவளுக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. காம்பு வெடித்துப் பிள்ளையின் வாயில் இரத்தம் தெரிந்தபோது மாமியார் அஞ்சினார், அவள் அஞ்சவில்லை; வலியில் அச்சம் தோன்றவில்லை. பாலூட்டுதல் தாய்க்குத் தானாக வந்துவிடும் என்று எழுதும் கவிஞர்கள் அந்த வாரத்தை அறியாதவர்கள். அது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். கற்பிக்க ஒருத்தி வேண்டும். அக்கம்பக்கத்து முதியவள் ஒருத்தி வந்து, பிள்ளையின் வாயில் காம்பு மட்டுமின்றி அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் அடங்குமாறு வைத்துக் காட்டினாள். வலி குறைந்தது. அம்முதியவளுக்கு எழுத்துத் தெரியாது.

இரண்டாம் பிள்ளைக்கு அவள் தேறியிருந்தாள். இம்முறை சீம்பால் வீணாகவில்லை. பிள்ளை பெற்ற மருத்துவமனையில் ஒரு மணி நேரத்திற்குள் செவிலியே பிள்ளையை மார்பில் இட்டார். முதல் நாட்களில் பிள்ளை சப்பும்போதெல்லாம் அடிவயிற்றைச் சுருட்டி இழுத்தது. பாலைச் சுரந்து இறங்கச் செய்யும் அதே நீர் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது என்பதும், பிள்ளைகள் மிகுந்தோறும் அவ்வலி மிகும் என்பதும் மருத்துவ உண்மைகள். கடலோர வழக்கப்படி வீட்டில் பால்சுறா புட்டு செய்தார்கள். காரப்பொடி மீன் குழம்பும் பூண்டும் முருங்கைக் கீரையும் தந்தார்கள். எது பாலைப் பெருக்கியது என்று வாதிடுவது வீண். பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும் என்பதே உடலின் கணக்கு. எனினும், பெற்றவளுக்கு ஒருவர் மீன் வாங்கிவந்து சமைத்துப் போட்டார் என்பதில் ஒரு மருந்து இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாம் பிள்ளையோடுதான் பெருந்துன்பம் வந்தது. கணவன் வருவாய் போதவில்லை. நாற்பதாம் நாள் அவள் கூலிக்குச் சென்றாள். தகடும் கம்பியும் ஏற்றிவரும் கனரக ஊர்திகள் இரவும் பகலும் ஓடும் சாலையைக் கடந்து செல்லும் வேலை அது. பத்து மணிக்கு மார்பு கனக்கும். பதினொரு மணிக்குச் சேலை நனையும். நனைந்ததை முந்தானையால் மறைத்துக்கொண்டு வேலை செய்வாள். கழிப்பறை ஒன்று இருந்தால் அங்கே சென்று சுவரில் பீச்சிவிடுவாள். இல்லையேல் வலியோடு மாலை வரை இருப்பாள். வீட்டில் மூத்த பெண் தம்பிக்குச் சங்கில் மாவுப்பால் ஊட்டுவாள். மாலையில் ஓடிவந்தால், வெயிலில் வந்த பால் சூடு, முதலில் கொஞ்சம் பீச்சிவிட்டுக் கொடு என்பார்கள். அதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. அரை மாதத்தில் பிள்ளை குறைவாகக் குடித்தது. குறைவாகக் குடித்ததால் குறைவாகச் சுரந்தது. எனக்குப் பால் பற்றவில்லை என்று அவளே சொல்லத் தொடங்கினாள். பற்றாமற் போனது பால் அன்று, நேரம். ஆனால் பழி அவள் மார்பின் மேல் விழுந்தது.

சட்டம் இதனை அறியாததன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலையிடையே பாலூட்ட நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை வேண்டும் என்றது. 2017இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, முதலிரு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரமாயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் காப்பகமும் கட்டாயமாயிற்று. தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் விடுப்பு உயர்ந்தது. கல்லூரியிலும் அலுவலகத்திலும் பணியாற்றும் தாயருக்கு இது பெரும்பேறு. அதே மாநிலத்தில் நாட்கூலிக்குச் செல்பவளுக்கு விடுப்பு என்னும் சொல்லுக்கே பொருள் இல்லை. வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள், அவ்வளவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டம் அவளுக்கும் உரியது. உதவித்தொகை 18,000 ரூபாய் வரை உயர்ந்துமிருக்கிறது. ஆனால் அது இரண்டு பேறுகளுக்கு மட்டுமே. மூன்றாவதாகப் பிறந்தவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015இல் திறக்கப்பட்டன, நல்ல செயல். அவள் ஏறுவது பேருந்து நிறுத்தத்தில்.

இந்த ஏற்றத்தாழ்வு எண்களிலும் தெரிகிறது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 60. இந்திய அளவில் 42. ஆனால் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுபவை தமிழ்நாட்டில் 55; இந்திய அளவில் 64. மகப்பேறு ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைகளில் நிகழும் மாநிலம் இது. முதல் மணியை மருத்துவமனை காத்துத் தருகிறது. அதன் பிறகு வரும் மாதங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் உரியவை. அங்கேதான் நாம் பின்தங்குகிறோம். மாவுப்பால் டப்பாக்களின் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. விளம்பரம் இல்லாமலேயே அவை விற்கின்றன என்றால், வாங்குபவளை எது துரத்துகிறது என்று கேட்டல் வேண்டும்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது, பாக்கெட் பாலுக்கு நகரமே அலைந்தது. எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு உணவு இருந்தது. மாவுப்பால் பிள்ளைகளுக்குக் கரைக்க நல்ல நீரும் இல்லை; காய்ச்ச அடுப்பும் இல்லை. அந்த மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலைகளைப் பற்றியும் புகையைப் பற்றியும் வடசென்னைக் கவிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் இடுப்பிலிருந்த பிள்ளைக்கு எங்கே உட்கார்ந்து பால் கொடுத்தாள் என்பதையும் யாரேனும் எழுதலாம்.

எழுதுவதற்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. பால் இறங்குதல், பால் கட்டுதல், பீச்சுதல், எதுக்களித்தல், பால் மறக்கடித்தல் எனப் பெண்கள் வாயில் ஓர் அகராதியே இருக்கிறது. குறைமாதப் பிள்ளைக்குத் துளித்துளியாகப் பால் ஊட்டும் ‘பாலாடை’ இன்று உலக மருத்துவ ஏடுகளில் அதே பெயரால் வழங்குகிறது; மேலைநாட்டு மருத்துவர் எடுத்துக்கொண்ட சொல்லைத் தமிழ்க் கவிஞர் எடுத்துக்கொள்ளவில்லை. ஐவகைத் தாயருள் ஒருத்திக்கு ‘முலைத்தாய்’ என்றே பெயரிட்ட மொழி இது. (செல்வர் வீட்டில் ஐவர் செய்ததை ஏழை வீட்டில் ஒருத்தியே செய்கிறாள் என்பதையும் அப்பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.) அம்மொழியில், 2002இல் குட்டி ரேவதி தம் கவிதை நூலுக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆழ்வார் சொன்னால் அருள். புலவர் சொன்னால் அணி. பெண் தன் உடலைக் குறித்துச் சொன்னால் ஆபாசம் என்று கொண்டவர்கள், தங்கள் இலக்கியத்தைத் தாங்களே படிக்காதவர்கள். அக்கவிஞர் எழுதியது பாலூட்டுதலை மட்டும் பற்றியதன்று. எழுத வேண்டியவர்களுக்கு அவர் ஒரு சொல்லை மீட்டுத் தந்தார். அதற்குப் பின் வந்தவர்கள் அதனை எடுத்து என்ன எழுதினார்கள் என்பதே இப்போது கேட்கத்தக்க கேள்வி.

பிள்ளையை இழந்த தாய்க்கும் மூன்றாம் நாள் பால் இறங்கும். இதனைப் பாடிய கவிதை அரிது. பெண்களோ நெடுங்காலமாக அறிவார்கள். பாலை வற்றச் செய்ய அவள் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அவ்வழக்கத்தை ஆய்ந்து, மல்லிகை மாத்திரைக்கு நிகராகப் பாலைக் குறைக்கிறது என்று 1988இல் வெளியிட்டனர். மல்லிகையைக் கூந்தலில் மட்டுமே கண்டு பழகியவர்கள் கவிஞர்கள். அழுவதற்குப் பிள்ளை இல்லாத வீட்டில், நனையும் மார்பின் மேல் பூச்சரத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டும் கைகளை எந்தத் துறையில் வைத்துப் பாடுவது என்று தமிழ் இலக்கணம் இன்னும் கூறவில்லை.

சாத்தாங்காட்டுத் தாய் தன் மூன்றாம் பிள்ளைக்கு இரவுப் பாலை மட்டும் நிறுத்தவில்லை. பகல் முழுவதும் சங்கில் குடித்தவன் இரவில் அவளைத் தேடி வந்தான். இரவில் சப்பச் சப்பப் பால் முற்றும் வற்றாமல் நின்றது. இரண்டு வயது நிறைந்தபோது வேப்பிலையை அரைத்துப் பூசினாள். அவன் வாய் வைத்தான், முகம் சுளித்தான், அவளைப் பார்த்தான். முந்தானையால் கசப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் குடித்தான். அவள் சிரித்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம் கொடுத்தாள்.